மின்னலுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் சொல்லும் முதல் அறிவுரை என்ன? "ஸ்பைக் பஸ்டர் இல்லாமல் பிளக்கில் சொருகாதீர்கள்." வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை என்ன? "இடி இடிக்கப் போகிறது, முதலில் அதை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கு." இரண்டுமே சரியான அறிவுரைதான். தெருக்கோடியில் விழும் மின்னல்கூட மின்கம்பி வழியாக வீட்டுக்குள் வந்து மதர்போர்டைக் காலி செய்துவிடும்.

மின்னலைவிடப் பல நூறு மடங்கு பெரிய மின்னோட்டத்தை ஒரு கட்டடத்துக்குள் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்டடத்தில் கம்ப்யூட்டர்களும் கேமராக்களும் அளவுக் கருவிகளும் இருக்கின்றன. அவற்றின் பிளக்கைப் பிடுங்கவும் வழியில்லை. ஏனென்றால் அந்த மின்னலைப் பதிவு செய்வதுதான் அவற்றின் வேலை!

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் சாண்டியா தேசிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள இயந்திரத்துக்கு 'இசட் மெஷின்' என்று பெயர். சூரியனில் நடக்கும் ஃப்யூஷனைப் பூமியில் நடத்திப் பார்க்க உதவும் இயந்திரங்களில் இதுவும் ஒன்று. இதைப் பற்றித் தெரிந்துகொண்டால், உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பதன் அடிப்படையும் சேர்ந்தே புரிந்துவிடும்.

அது என்ன ஃப்யூஷன்?

இன்றைய அணுமின் நிலையங்களில் நடப்பது அணுக்கருப் பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுவைப் பிளந்து சக்தி எடுக்கிறார்கள். ஃப்யூஷன் இதற்கு நேர் எதிர். லேசான இரண்டு அணுக்கருக்களை ஒன்றாக இணைத்துச் சக்தி எடுப்பது. சூரியன் எரிவது இந்த முறையில்தான்.

பூமியில் இதற்கு ஏற்ற எரிபொருள் டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு வகை ஹைட்ரஜன். இவை இணைந்தால் ஹீலியமும் ஒரு நியூட்ரானும் கிடைக்கும். கூடவே நிறைய சக்தியும் கிடைக்கும். டியூட்டீரியம் கடல் நீரிலேயே இருக்கிறது. டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து தயாரிக்கலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் அணுக்கருக்கள் ஒன்றை ஒன்று தள்ளும். அவற்றை இணைய வைக்கச் சுமார் 10 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம் எதுவும் உலகில் கிடையாது.

இதற்கு இரண்டு வழிகளில் முயற்சி செய்கிறார்கள். ஒன்று கேஸ் அடுப்பு மாதிரி. சூடான வாயுவைக் காந்தப் புலத்தால் பிடித்து வைத்து, தொடர்ந்து எரிய விடுவது. பிரான்ஸ் நாட்டில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் 'ஈட்டர்' இந்த வகை. மற்றொன்று மோட்டார் பைக் எஞ்சின் மாதிரி. கொஞ்சம் எரிபொருள், ஒரு வெடிப்பு, மறுபடியும் கொஞ்சம் எரிபொருள், மறுபடியும் ஒரு வெடிப்பு. இசட் மெஷின் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. இங்கே வெடிப்பை உண்டாக்கும் தொழில்நுட்பத்துக்குத்தான் 'பல்ஸ்டு பவர்' என்று பெயர்.

ஆறு யூனிட் மின்சாரம் செய்யும் வேலை

கேமராவின் ஃபிளாஷை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன பேட்டரியால் அவ்வளவு பிரகாசமான ஒளியை நேரடியாகத் தர முடியாது. அதனால் சில நொடிகள் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. பட்டனை அழுத்தியதும் சேர்த்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. பல்ஸ்டு பவர் என்பது இவ்வளவுதான். மெதுவாகச் சேர்த்து வேகமாகக் கொட்டுவது.

இசட் மெஷினில் இப்படிப்பட்ட கெப்பாசிட்டர்கள் மொத்தம் 2160 இருக்கின்றன. இவற்றில் சேரும் சக்தி சுமார் 2.2 கோடி ஜூல். பயந்துவிடாதீர்கள். இதை நம் வீட்டு மின் மீட்டர் கணக்கில் சொன்னால் ஆறு யூனிட்தான்! 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை 40 மணி நேரம் ஓட்டினால் இதே ஆறு யூனிட் செலவாகும்.

அப்படியானால் என்ன பெரிய விஷயம்? நேரம்தான் விஷயம். கம்ப்யூட்டர் 40 மணி நேரத்தில் செலவழிப்பதில் கணிசமான பகுதியை இசட் மெஷின் சுமார் 100 நானோ நொடியில் செலவழித்து விடுகிறது. ஒரு நொடியை 100 கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் நானோ நொடி. அந்தக் கண நேரத்தில் மின் திறன் சுமார் 80 லட்சம் கோடி வாட் என்ற அளவை எட்டுகிறது. மின்னோட்டம் 2.6 கோடி ஆம்பியர். வானத்தில் வெட்டும் சாதாரண மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 800 மடங்குக்கும் மேல்!

இவ்வளவு பெரிய மின் துடிப்பை உண்டாக்கும் சுற்றுக்கு 'மார்க்ஸ் ஜெனரேட்டர்' என்று பெயர். ஜெர்மன் எஞ்சினியர் எர்வின் மார்க்ஸ் 1920-களில் உருவாக்கியது. டார்ச் லைட்டில் செல்களை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினால் வோல்டேஜ் கூடும் அல்லவா? அதே தந்திரம்தான். கெப்பாசிட்டர்களைத் தனித்தனியாகச் சார்ஜ் செய்துவிட்டு, கொட்டும்போது மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக இணைந்துகொள்ளும்படி செய்கிறார்கள். இசட் மெஷினில் 36 மார்க்ஸ் ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் 60 கெப்பாசிட்டர்கள்.

இந்த 36-ம் சுமார் 33 மீட்டர் விட்டமுள்ள பெரிய வட்டத் தொட்டியின் ஓரத்தில் சுற்றிலும் நிற்கின்றன. வெளி வளையத்தில் எண்ணெய். அடுத்த வளையத்தில் மிகவும் சுத்திகரித்த நீர். நடுவில் காற்றில்லாத வெற்றிட அறை. எண்ணெயும் நீரும் மின்சாரம் தாண்டிக் குதிக்காமல் தடுக்கும் இன்சுலேட்டர்களாக வேலை செய்கின்றன. தண்ணீர் எப்படி இன்சுலேட்டர் ஆகும் என்கிறீர்களா? உப்புகளை முழுவதுமாக நீக்கிவிட்டால் நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். குழாய்த் தண்ணீரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்துவிடாதீர்கள்!

1985-ல் வேறு ஒரு சோதனைக்காகக் கட்டிய இயந்திரம் இது. 1996-ல் இன்றைய வேலைக்கு மாற்றினார்கள். 2007-ல் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். ஃப்யூஷன் ஆராய்ச்சி இதன் வேலைகளில் ஒன்றுதான். அமெரிக்க அணு ஆயுதங்களை வெடித்துப் பார்க்காமலேயே அவற்றின் நிலையை அறியத் தேவையான சோதனைகளும் இங்கே நடக்கின்றன.

கசங்கிய குழாய் சொன்ன ரகசியம்

இவ்வளவு மின்சாரத்தை வைத்து என்ன செய்கிறார்கள்? நசுக்குகிறார்கள்.

ஒரே திசையில் மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றை ஒன்று இழுக்கும். பள்ளி இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு குழாய் வழியாக மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால்? குழாயின் எல்லாப் பக்கமும் நடுவை நோக்கி இழுக்கப்படும். குழாய் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும்.

இதை முதலில் காட்டிக் கொடுத்ததே மின்னல்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் மண்ணெண்ணெய் ஆலை ஒன்று இருந்தது. அங்கே இடிதாங்கியாக வைத்திருந்த செம்புக் குழாய் மின்னல் பாய்ந்து கசங்கிப் போனது. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொல்லாக், பராக்ளோ என்ற இருவர் அதை ஆராய்ந்து, குழாயை நசுக்கியது மின்னோட்டத்தின் காந்த விசைதான் என்று 1905-ல் விளக்கினார்கள். இந்த விளைவுக்கு இன்று 'பிஞ்ச்' என்று பெயர். தமிழில் கிள்ளு என்று சொல்லலாம்.

இசட் மெஷின் செய்வது அதே கிள்ளைத்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய டங்ஸ்டன் கம்பிகள் சில நூறை, நூல்கண்டு அளவுள்ள கூண்டாகக் கட்டி நடுவில் வைக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்ததும் கம்பிகள் ஆவியாகி, நடுவில் வந்து மோதி, எக்ஸ் கதிர்களாக வெடிக்கின்றன.

ஃப்யூஷன் சோதனைக்கு 'மேக்லிஃப்' என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். கம்பிக் கூண்டுக்குப் பதிலாக பெரிலியம் என்ற உலோகத்தால் ஆன சின்னஞ்சிறு குழாய். உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். உள்ளே டியூட்டீரியம் வாயு. முதலில் வெளியிலிருந்து காந்தப் புலம் தருகிறார்கள். பிறகு லேசர் கதிரால் வாயுவைச் சூடாக்குகிறார்கள். கடைசியாக மின் துடிப்பு வந்து குழாயை நசுக்குகிறது. 2013-ன் இறுதியில் இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதித்தார்கள். ஃப்யூஷன் நடந்ததற்கு அடையாளமாக நியூட்ரான்கள் வந்தன.

வெடிப்பில் என்னென்ன கிளம்பும்?

இசட் மெஷினில் நடக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் 'ஷாட்' என்று பெயர். ஷாட் நடக்கும்போது இயந்திரம் இருக்கும் கூடத்தில் யாரும் இருக்கக் கூடாது. கருவிகள் மட்டும்தான் இருக்கும். அவற்றைத் தாக்க நான்கு எதிரிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்புகின்றன.

முதல் எதிரி மின்காந்தத் துடிப்பு. திடீரென்று கூடி திடீரென்று குறையும் மின்னோட்டம் சுற்றிலும் ரேடியோ அலைகளைப் பரப்பும். வழியில் இருக்கும் ஒவ்வொரு கேபிளும் ஆன்டெனா போல அதைப் பிடித்துக்கொள்ளும். சில வோல்ட்டில் ஓடும் சிப்புக்குள் பல நூறு வோல்ட் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது எதிரி எக்ஸ் கதிர். மூன்றாவது நியூட்ரான். இவை சிப்புக்குள் நுழைந்தால் நினைவகத்தில் 0 இருக்கும் இடத்தில் 1 ஆகவும், 1 இருக்கும் இடத்தில் 0 ஆகவும் மாறலாம். கேமராவின் சென்சார் வெளுத்துப் போகலாம்.

நான்காவது எதிரி அதிர்ச்சியும் சிதறலும். சேர்த்து வைத்த 2.2 கோடி ஜூல் என்பது சுமார் 5 கிலோ டி.என்.டி. வெடிமருந்தின் சக்திக்குச் சமம். அதில் ஒரு பகுதி மட்டுமே நடுவில் போய்ச் சேர்ந்தாலும், அங்கே இருக்கும் உலோக பாகங்கள் உருகிச் சிதறத் துப்பாக்கிக் குண்டுகள் போலப் பறக்கும்.

கருவிகள் தப்பிக்கும் ஐந்து வழிகள்

1. தூரமும் நேரமும்: எளிதான பாதுகாப்பு தள்ளி வைப்பதுதான். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சின் தாக்கம் நான்கில் ஒரு பங்காகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ் கதிர் ஒளியின் வேகத்தில் வரும். 10 மீட்டரைக் கடக்க 33 நானோ நொடி போதும். டியூட்டீரியம் ஃப்யூஷனில் பிறக்கும் நியூட்ரான் மெதுவானது. அதே 10 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 460 நானோ நொடி ஆகும். எனவே எக்ஸ் கதிர் கடந்து போகும் வரை கருவியைத் தூங்க வைத்துவிட்டு, நியூட்ரான் வரும் நேரத்துக்குச் சரியாக எழுப்பிவிடலாம். உங்கள் வீட்டில் இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே பிளக்கை எடுத்துவிடுகிறீர்களே, அதுவும் தூரத்தையும் நேரத்தையும் நம்பிச் செய்யும் காரியம்தான்.

2. உலோகக் கூண்டு: பதிவு செய்யும் ஆசிலோஸ்கோப்புகளும் கம்ப்யூட்டர்களும் நாலாபக்கமும் உலோகத் தகடு வைத்து மூடிய அறைக்குள் இருக்கின்றன. இதற்கு 'ஃபாரடே கூண்டு' என்று பெயர். மைக்கேல் ஃபாரடே 1836-ல் இதைச் செய்து காட்டினார். வெளியே வரும் மின்காந்த அலை உலோகத் தோலிலேயே ஓடி முடிந்துவிடும். உள்ளே வராது. ஆனால் கேபிள் நுழைய ஓட்டை போட்டே ஆக வேண்டும். எதிரி நுழைவதும் அந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் கேபிள்களையும் உலோகக் குழாய்க்குள் விட்டு, குழாயையும் அறையின் சுவரோடு இடைவெளி இல்லாமல் இணைக்கிறார்கள். கதவு மூடும் இடத்தில்கூட இடைவெளி இல்லாமல் உலோகப் பட்டைகள் இருக்கும்.

உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் தெரியும் துளைகள் போட்ட தகடும் இதே கூண்டுதான். அங்கே அலையை உள்ளே அடைத்து வைக்கிறது. கம்ப்யூட்டரின் இரும்பு கேபினெட்டும் ஒரு வகையில் கூண்டுதான். காற்று வரட்டும் என்று பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

3. செம்பை விட்டுக் கண்ணாடிக்கு மாறுவது: செம்புக் கம்பி ஆன்டெனா ஆகிவிடும். கண்ணாடி இழை ஆகாது. அதில் ஓடுவது மின்சாரம் இல்லை, ஒளி. எனவே முடிந்த இடங்களில் ஃபைபர் ஆப்டிக் கேபிளைப் பயன்படுத்துகிறார்கள். உதாரணமாக, நசுங்கும் உலோகம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அளக்க, லேசர் ஒளியை ஃபைபர் வழியாக அனுப்பி, உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை மறுபடியும் ஃபைபர் வழியாகவே எடுத்து வருகிறார்கள். வெடிப்புக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸே இல்லை. ஃபைபருக்கும் ஒரு பலவீனம் உண்டு. கதிர்வீச்சு மிக அதிகமானால் கண்ணாடி மங்கிவிடும்.

4. மின்சாரமே இல்லாத கருவிகள்: இது கொஞ்சம் வேடிக்கையானது. கருவி கெட்டுப்போகும் என்று பயமாக இருந்தால், கெட்டுப்போக எதுவுமே இல்லாத கருவியை வைத்துவிடுவது! எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க 'இமேஜ் பிளேட்' என்ற தகட்டை வைக்கிறார்கள். மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவுகளிலும் இப்படிப்பட்ட தகடு உண்டு. ஷாட் முடிந்ததும் எடுத்து வந்து ஸ்கேனரில் படித்துக்கொள்ளலாம். நியூட்ரான்களை எண்ண இண்டியம் என்ற உலோகத் துண்டை வைக்கிறார்கள். நியூட்ரான் பட்டதும் இண்டியத்தில் கதிரியக்கம் உண்டாகும். அது பாதியாகக் குறைய நாலரை மணி நேரம் ஆகும். நிதானமாக எடுத்து வந்து அளந்தால் எத்தனை நியூட்ரான் வந்தது என்று கணக்கிட்டுவிடலாம். உலோகத் துண்டை எந்த மின்காந்தத் துடிப்பும் ஹேங் செய்ய முடியாது அல்லவா?

5. பலி கொடுப்பது: எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்வதும் ஒரு பாதுகாப்பு முறைதான். வெற்றிட அறையின் நடுப்பகுதியில் இருக்கும் பாகங்கள் ஒவ்வொரு ஷாட்டிலும் அழிந்துபோகும். அவற்றை மாற்றிவிட்டுத்தான் அடுத்த ஷாட். லேசர் வரும் வழியில் இருக்கும் விலை உயர்ந்த லென்சுக்கு முன்னால் ஒரு மறைப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். சிதறல் அதில் பட்டு அது வீணாகும், லென்ஸ் தப்பிக்கும்.

உங்கள் ஸ்பைக் பஸ்டர் செய்வதும் இதைத்தான். அதன் உள்ளே துத்தநாக ஆக்ஸைடால் ஆன சின்ன வில்லை ஒன்று இருக்கிறது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் அது வழியைத் திறந்துவிட்டு, அதிகப்படியான மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு எர்த் பக்கம் தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஒரு நாள் செத்துப் போகும். ஸ்பைக் பஸ்டர் அட்டைப் பெட்டியில் இத்தனை ஜூல் என்று போட்டிருப்பது, அந்த வில்லை எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான அளவு.

ஒரு நாளைக்கு ஒன்றா, பத்து நொடிக்கு ஒன்றா?

இவ்வளவு பாடுபட்டுக் கருவிகளைக் காப்பாற்றுகிறார்களே, ஃப்யூஷன் மின்சாரம் எப்போது வரும்? இப்போது நாம் சொன்ன விஷயத்தின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

முதலில் சக்திக் கணக்கு. 2020-ல் வெளியான ஆய்வு முடிவின்படி மேக்லிஃப் சோதனையில் சுமார் 10 லட்சம் கோடி நியூட்ரான்கள் கிடைத்தன. எண் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த ஃப்யூஷனில் கிடைத்த சக்தியைக் கணக்கிட்டால் சுமார் 12 ஜூல்தான். உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருக்கும் 330 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றில் சேர்ந்திருப்பதே சுமார் 17 ஜூல்! டிரிட்டியமும் சேர்த்தால் பல மடங்கு கூடும். ஆனாலும் போட்ட 2.2 கோடி ஜூலோடு ஒப்பிட்டால் போக வேண்டிய தூரம் நிறைய.

லேசர் வழியில் போனவர்கள் ஒரு படி முன்னேறிவிட்டார்கள். கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 20.5 லட்சம் ஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 31.5 லட்சம் ஜூல் ஃப்யூஷன் சக்தி எடுத்தார்கள். ஆனால் அந்த லேசரை இயக்க மின் இணைப்பிலிருந்து எடுத்தது சுமார் 30 கோடி ஜூல். லேசரைவிட பல்ஸ்டு பவர் மின்சாரத்தைக் குறைவாகவே வீணாக்கும் என்பதால்தான் இந்த வழியிலும் ஆர்வம் தொடர்கிறது.

சக்திக் கணக்கு ஒருநாள் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டாவது கணக்கு இருக்கிறது. இசட் மெஷின் ஒரு நாளைக்கு ஒரு ஷாட் என்ற அளவில்தான் வேலை செய்கிறது. ஓர் ஆண்டில் 200-ஐத் தாண்டுவதே கஷ்டம். ஏன்? உடைந்ததைக் கழற்றி, சுத்தம் செய்து, புதியதை மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறை கிக்கரை உதைத்ததும் பிஸ்டனை மாற்ற வேண்டிய மோட்டார் பைக்கை யார் வாங்குவார்கள்?

சாண்டியா விஞ்ஞானிகள் 2000-களில் ஒரு மின் நிலையத்துக்குத் திட்டம் வரைந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வெடிப்பிலும் 300 கோடி ஜூல். அதாவது சுமார் 700 கிலோ டி.என்.டி. வெடிப்பது போல. இது 10 நொடிக்கு ஒருமுறை நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8,640 வெடிப்பு!

எப்படித் தாங்குவது? அவர்கள் தந்த விடை மேலே சொன்ன ஐந்தாவது வழிதான், ஆனால் பெரிய அளவில். நடுவில் அழியும் மின் பாதையை, உருக்கி மறுபடியும் வார்க்கக்கூடிய பொருளில் செய்துவிடுவது. ஒவ்வொரு வெடிப்புக்கும் புதிய பாதை உள்ளே வரும். உருகியது கீழே வடிந்து தொழிற்கூடத்துக்குப் போய் மறுபடியும் வார்ப்பாகும். சுவருக்குப் பதிலாக, லித்தியமும் பெரிலியமும் கலந்த உருகிய உப்பு நீர்வீழ்ச்சி போல ஓடிக்கொண்டிருக்கும். திரவத்தில் விரிசல் விழாது அல்லவா? நியூட்ரான்களை வாங்கிக்கொண்டு வெப்பத்தைத் தருவதும், டிரிட்டியத்தைத் தயாரித்துக் கொடுப்பதும் அந்த உப்பின் வேலை. காகிதத்தில் அழகாக இருக்கும் இந்தத் திட்டம் இன்னும் கட்டப்படவில்லை.

தனியார் நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. பசிபிக் ஃப்யூஷன் என்ற அமெரிக்க நிறுவனம் இசட் மெஷினின் வழியில் பல்ஸ்டு பவரை நம்பி இறங்கியிருக்கிறது. 90 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியதாக 2024-ல் அறிவித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹீலியன் நிறுவனமும் கெப்பாசிட்டர்களைக் கொண்டு துடிப்பு துடிப்பாக ஃப்யூஷன் செய்ய முயல்கிறது. இதனிடமிருந்து மின்சாரம் வாங்க 2023 மே மாதம் ஒப்பந்தம் போட்ட நிறுவனம் எது தெரியுமா? உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஓடுகிறதே, அதைத் தயாரித்த மைக்ரோசாஃப்ட்! 2028-ல் மின் நிலையத்தை இயக்கத் தொடங்குவதுதான் அந்த ஒப்பந்தத்தில் சொன்ன இலக்கு.

இனி இதைப் பற்றிச் செய்தி வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு சக்தி போட்டு எவ்வளவு எடுத்தார்கள்? ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் எதையெல்லாம் மாற்றினார்கள்? பெரும்பாலான செய்திகள் முதல் கேள்வியோடு நின்றுவிடும். மின்சாரம் வீட்டுக்கு வருமா என்பது இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலையும் பொறுத்தது.

உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆறு குறிப்புகள்

* மூன்று முள் பிளக்கையே பயன்படுத்துங்கள். எர்த் இல்லாவிட்டால் ஸ்பைக் பஸ்டரால் முழுப் பாதுகாப்பு தர முடியாது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

* ஸ்பைக் பஸ்டரில் பாதுகாப்பைக் காட்டும் தனி விளக்கு இருந்தால் அடிக்கடி பாருங்கள். அது அணைந்திருந்தால், பிளக் வேலை செய்தாலும் பாதுகாப்பு போய்விட்டது. புதியது வாங்குங்கள்.

* பக்கத்தில் விழும் மின்னலை எந்த ஸ்பைக் பஸ்டரும் தாங்கும் என்று நம்பாதீர்கள். மழை மேகம் திரளும்போதே பிளக்கை எடுத்துவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கிலும் கேபிளிலும் கை வைக்க வேண்டாம்.

* மின் இணைப்பை மட்டும் எடுத்தால் போதாது. நெட்வொர்க் கேபிள், டெலிபோன் ஒயர் வழியாகவும் மின்னல் வரும். ஃபைபர் இணைப்பு இருந்தால் அந்தக் கண்ணாடி இழை வழியாக வராது. ஆனால் சில ஃபைபர் கேபிள்களில் வலுவுக்காக எஃகுக் கம்பி சேர்த்திருப்பார்கள். மோடத்தின் அடாப்டரும் மின்சாரத்தில்தான் சொருகியிருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள்.

* எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கலாம்.

* கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். குழந்தையின் போட்டோ போனால் திரும்ப எடுக்க முடியாது. முக்கியமானவற்றை எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். பிளக்கில் இல்லாத பொருளை மின்னலால் தேடிவந்து பிடிக்க முடியாது.